டின்னுக்குள் மங்கும் வண்ணங்கள்: பழைய ஸ்லைடு படங்களைக் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி?

மாணவர்களே, தாத்தா பாட்டி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டின் ஏதேனும் இருக்கிறதா? எடுத்துத் திறந்து பாருங்கள். 5 சென்டிமீட்டர் சதுரத்தில், அட்டையோ பிளாஸ்டிக்கோ சட்டம் போட்ட சிறு படங்கள் உள்ளே இருந்தால் அவற்றை வீசிவிடாதீர்கள். சன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஒன்றைப் பிடியுங்கள். கட்டை விரல் அகலமே உள்ள பிலிமில் ஒரு திருமணமோ, தீமிதித் திருவிழாவோ, கப்பல்துறையோ வண்ணத்தில் தெரியும். இவைதாம் ஸ்லைடுகள். 1950களிலிருந்து 1980கள் வரை, வண்ணப் படம் எடுக்க வசதி இருந்த ஆசிரியர்களும் தோட்டத்துக் கிராணிமார்களும் துறைமுக அலுவலர்களும் இவற்றைப் பயன்படுத்தினார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரில் போட்டுக் குடும்பத்தோடு பார்ப்பார்கள்.

பண்டமாரானை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரகாலத்தின்போது (1948–1960) அமைக்கப்பட்ட புதுக்கிராமம் அது. ஒரு பக்கம் கிள்ளான் நகரம், மறுபக்கம் துறைமுகம். ஒரு காலத்தில் கிள்ளான் வட்டாரம் முழுவதும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. இன்று அவற்றில் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளையும் தோட்டத்துக் கோயிலையும் இனி நேரில் பார்க்க முடியாது. அந்த டின்னில் உள்ள படம்தான் மிச்சம்.

அதைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய அறிவியல் பெரும்பாலும் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. படித்துக்கொண்டே வாருங்கள்.

ஏன் அவசரப்பட வேண்டும்?

சாதாரண பிலிம் சுருளில் முதலில் நெகடிவ் கிடைக்கும். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்சிடலாம். ஸ்லைடு அப்படியல்ல. கேமராவுக்குள் ஒளி பட்ட அதே பிலிம்தான் கழுவப்பட்டு நேர்படமாக வருகிறது. அதற்கு நெகடிவ் கிடையாது. ஒரு ஸ்லைடு கெட்டால் அந்தக் காட்சியின் ஒரே மூலம் கெட்டது என்று பொருள்.

கெடுப்பவை மூன்று. முதலாவது, சாயம் மங்குதல். வண்ணப் பிலிமில் மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் என மூன்று சாயப் படலங்கள் உள்ளன. மயில்நீலச் சாயத்தின் வேலை, சிவப்பு ஒளியை உறிஞ்சுவது. பழைய பிலிம்கள் பலவற்றில் இந்தச் சாயமே முதலில் மங்குகிறது. அப்போது சிவப்பு ஒளி தடையின்றிக் கடந்து வருகிறது. படம் முழுவதும் செக்கச்செவேல் என்று ஆகிறது. பழைய ஸ்லைடுகளில் வானம்கூட இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

எல்லாப் பிலிமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. 1936-ல் 35 மில்லிமீட்டர் ஸ்லைடாக வந்த கோடாக்ரோம், இருட்டில் வைத்தால் நெடுங்காலம் நிறம் மாறாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1939 முதல் 1944 வரை எடுக்கப்பட்ட சுமார் 1,600 வண்ணப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் அதே கோடாக்ரோமை அடிக்கடி புரொஜெக்டரில் போட்டால் விளக்கின் ஒளி அதை விரைவில் வெளுக்கச் செய்துவிடும்.

இரண்டாவது, பூஞ்சணம். சாயம் இருப்பது ஜெலட்டின் படலத்தில். ஜெலட்டின் ஒரு புரதம். பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் அதற்கு ஏற்ற சூழல். சிலந்தி வலைபோலக் கிளைவிட்ட வெள்ளைக் கோடுகள் பிலிமில் தெரிந்தால், அது பூஞ்சணம். டின்னைத் திறந்ததும் புளிக்காடி வாடை அடித்தால் அது வேறு நோய். பிலிமின் அசிட்டேட் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. அந்த ஆவி மற்ற பிலிம்களையும் தாக்கும் என்பதால் அவற்றைத் தனியாகப் பிரித்து, முதலில் வருட வேண்டும்.

மூன்றாவது, வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களில் எத்தனை வீடுகளுக்குள் நீர் புகுந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் என்ன ஆகியிருக்கும்?

வருடி எப்படி வேலை செய்கிறது?

பிலிம் ஸ்கேனர், அதாவது பிலிம் வருடி, ஸ்லைடின் ஒரு பக்கம் எல்.இ.டி. விளக்கையும் மறுபக்கம் வில்லையையும் ஒளி உணரியையும் கொண்டது. பிலிமைக் கடந்து வரும் ஒளியை வில்லை குவித்து உணரியில் விழச் செய்கிறது. பல வருடிகளில் உணரி ஒரே நீளவரிசையாக இருக்கும். ஒரு வரியைப் படித்ததும் மோட்டார் இம்மியளவு நகர்த்தும்; அடுத்த வரியைப் படிக்கும்.

அந்த இம்மி எவ்வளவு? ஓர் அங்குலத்துக்கு 4,000 புள்ளிகள் (4,000 டி.பி.ஐ.) என்றால், 25.4 மில்லிமீட்டரை 4,000 ஆல் வகுங்கள். 0.00635 மில்லிமீட்டர் வரும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! மேசையை யாராவது இடித்தால் படம் ஏன் கெடும் என்பது இப்போது புரிகிறதல்லவா?

விளம்பரத்தில் வரும் மூன்று எண்கள்

வருடி வாங்கப் போனால் பெட்டியின்மேல் பெரிய எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சம்.

*முதல் எண்: பிரிதிறன்.* ஸ்லைடில் படம் உள்ள பகுதி 24 × 36 மில்லிமீட்டர். 4,000 டி.பி.ஐ.-யில் வருடினால்:

36 ÷ 25.4 × 4,000 = 5,669 புள்ளிகள்
24 ÷ 25.4 × 4,000 = 3,780 புள்ளிகள்
மொத்தம்: சுமார் 2 கோடியே 14 லட்சம் படப்புள்ளிகள்

இவ்வளவு தேவையா? கையில் பிடித்து எடுத்த குடும்பப் படங்களில் ஒரு மில்லிமீட்டருக்கு 50 இணைக் கோடுகளுக்கு மேல் பிரித்துக் காண்பது பெரும்பாலும் இயலாது. கறுப்புக் கோடு ஒன்று, வெள்ளை இடைவெளி ஒன்று சேர்ந்தது ஓர் இணை. ஓர் இணையைப் பதிய குறைந்தது 2 புள்ளிகள் வேண்டும். ஆகவே மில்லிமீட்டருக்கு 100 புள்ளிகள், அங்குலத்துக்கு 2,540. உண்மையாகவே 2,500 முதல் 4,000 வரை தரும் கருவி நமக்குப் போதும்.

'உண்மையாகவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெட்டியில் 6,400 அல்லது 7,200 என்று அச்சிட்டிருக்கலாம். கருவி அத்தனை புள்ளிகளை எடுப்பதும் மெய்தான். ஆனால் வில்லை மங்கலாக இருந்தால், அல்லது பிலிம் சரியான குவியத்தில் இல்லாவிட்டால், அந்தப் புள்ளிகளில் புது விவரம் எதுவும் இராது. கோப்பு மட்டும் பெருத்துப்போகும். பரிசோதனை அட்டையிலுள்ள மெல்லிய கோடுகளை வருடிப் பார்த்துச் சொன்ன எண்ணையே நம்புங்கள்.

*இரண்டாம் எண்: ஒளி அடர்த்தி.* கூடுதல் கணிதத்தில் மடக்கை படித்திருப்பீர்கள். இங்கே அது பயன்படுகிறது. பிலிமில் விழும் ஒளியைக் கடந்து வரும் ஒளியால் வகுத்து, அதன் மடக்கையை எடுத்தால் வருவது ஒளி அடர்த்தி. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி மட்டும் கடந்தால், மடக்கை 1,000 = 3. ஸ்லைடின் கருநிழல்களில் இது 3.5-ஐயும் தாண்டும். கோயில் கருவறை முன் நிற்கும் தாத்தாவின் முகம் அந்த நிழலில்தான் இருக்கும். தரமற்ற கருவியில் அந்த இடம் வெறும் கறுப்பாக, சொரசொரப்பாகப் பதியும்.

சில பெட்டிகளில் 4.8 என்று இருக்கும். அது எங்கிருந்து வருகிறது? 16 பிட் என்றால் 65,536 படிநிலைகள். அதன் மடக்கை 4.8. அளந்து பார்த்த எண் அல்ல. கணக்கில் வந்த எண்.

*மூன்றாம் எண்: பிட் ஆழம்.* ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட் என்றால் 256 படிநிலைகள். மங்கிய சாயம் ஒன்று இதில் கால்பங்கை மட்டுமே பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 64 படிநிலைகள். நிறத்தை மீட்க அதை இழுத்து விரித்தால் வானம் படிக்கட்டுபோல் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் அதே கால்பங்கில் 16,384 படிநிலைகள் இருக்கும். எவ்வளவு விரித்தாலும் வழுவழுப்பு குறையாது. படம் எவ்வளவு மங்கியிருக்கிறதோ, அவ்வளவுக்கு 16 பிட் அவசியம்.

தூசியைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒளி

நல்ல வருடிகளில் அகச்சிவப்பு விளக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். வண்ணச் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. அதற்கு அவை கண்ணாடி போன்றவை. தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே அகச்சிவப்பில் எடுத்த படத்தில் காட்சி மறைந்துவிடும். தூசியும் கீறலும் மட்டும் தெரியும். இந்தத் 'தூசி வரைபடத்தை' வைத்துக்கொண்டு, குறையுள்ள இடங்களை அக்கம்பக்கப் புள்ளிகளால் மென்பொருள் நிரப்புகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். மென்பொருள் படத்தையே தூசி என்று எண்ணி அழிக்கப் பார்க்கும். கோடாக்ரோமிலும் இந்த முறை சில வேளைகளில் மெல்லிய விவரங்களைத் தின்றுவிடும். சட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டம் மாற்றப்பட்டிருந்தால், ஸ்லைடைச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலான பக்கத்தில் காட்சியின் விளிம்புகள் செதுக்கியதுபோல் மேடு பள்ளமாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது கோடாக்ரோம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

*சிறு பெட்டி வகை.* மலிவானது, ஒரு படத்துக்குச் சில விநாடிகளே ஆகும். உள்ளே இருப்பது கைப்பேசிக் கேமரா போன்ற ஒன்று. பெரும்பாலும் 8 பிட் ஜேபெக் கோப்பு மட்டும் தரும். டின்னில் என்ன இருக்கிறது என்று பட்டியலிட உதவும். காப்பகப் பிரதிக்கு உதவாது.

*மூடியில் விளக்குள்ள தட்டு வருடி.* எப்சன் வி600 போன்றவை இவ்வகை. ஸ்லைடுகளை ஒரே தடவையில் பலவாக வைக்கலாம்; பழைய ஆல்பப் படங்களையும் வருடலாம். 35 மில்லிமீட்டர் ஸ்லைடில் நுணுக்கம் குறையும். ஆனாலும் 4ஆர் அளவு அச்சுக்கு மிகப் போதும். ஸ்லைடு, புகைப்படம் இரண்டும் கலந்திருக்கும் வீட்டுக்கு ஏற்றது.

*தனிப் பிலிம் வருடி.* பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் வரிசை இன்றும் கிடைக்கிறது. அதில் 8200ஐ என்பதில் அகச்சிவப்பு உண்டு, 8100-ல் இல்லை. கையாலேயே ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். நிக்கான் கூல்ஸ்கேன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆயினும் பழைய கருவிகள் கைமாறுகின்றன. வாங்கும் முன் எந்த இணைப்பு வடம் என்று பாருங்கள். இன்றைய மடிக்கணினியில் சேராத ஸ்கஸி, ஃபயர்வயர் இணைப்புகளும் அவற்றில் உண்டு. பழைய கருவிகளுக்கு வியூஸ்கேன் போன்ற மென்பொருள் தேவைப்படும்.

*கேமராவும் மேக்ரோ வில்லையும்.* பள்ளிப் புகைப்படக் கழகத்தில் முழுச்சட்ட உணரியுள்ள 24 மெகாபிக்சல் கேமரா இருந்தால், ஸ்லைடை 1:1 அளவில் படம்பிடியுங்கள். 6,000 புள்ளிகளை 36 மில்லிமீட்டரால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு சுமார் 167. அதாவது ஏறத்தாழ 4,230 டி.பி.ஐ. மிக வேகமான வழி இது. ஆனால் அகச்சிவப்பு இல்லை. தூசியைக் கையால்தான் நீக்க வேண்டும்.

இப்போது நேரக் கணக்கு. டின்னில் 400 ஸ்லைடுகள் என்று வைத்துக்கொள்வோம். தனி வருடியில் ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 1,600 நிமிடங்கள். 26 மணி 40 நிமிடம். கேமராவில் அரை நிமிடம் என்றால் 3 மணி 20 நிமிடம். எல்லாவற்றையும் கேமராவில் எடுத்துவிட்டு, மிக முக்கியமான 40 படங்களை மட்டும் வருடியில் போடுவது நல்ல வழி. தனியாக வாங்குவதைவிட நான்கைந்து குடும்பங்களோ கோயில் நிர்வாகமோ சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் செலவும் குறையும்.

வருடும் முறை, படிப்படியாக

1. கையைக் கழுவித் துடையுங்கள். ஸ்லைடின் சட்டத்தை மட்டும் தொடுங்கள். விரல் ரேகையில் உள்ள எண்ணெயும் உப்பும் பிலிமில் நிலைத்துவிடும்.

2. டின்னில் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். சட்டத்தின் இருபக்க எழுத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். பிலிம் கழுவிய மாதமும் ஆண்டும் பல சட்டங்களில் முத்திரையாக இருக்கும்.

3. ரப்பர் ஊதியால் தூசியை ஊதி நீக்குங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். தண்ணீர் கூடவே கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்து, படமும் அதோடு போய்விடும். பூஞ்சணம் உள்ளவற்றைத் தனி உறையில் போட்டு, அனுபவம் உள்ளவர்களிடம் காட்டுங்கள். அவற்றைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள்.

4. பக்கம் சரிதானா என்று பாருங்கள். கடைப் பலகையில் தமிழ் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாறி இருந்தால், ஸ்லைடைத் திருப்பி வைக்க வேண்டும்.

5. 4,000 டி.பி.ஐ., ஒரு வண்ணத்துக்கு 16 பிட், டிஃப் கோப்பு எனத் தேர்ந்தெடுங்கள். ஒரு கோப்பு சுமார் 128 மெகாபைட் வரும். 400 படங்களுக்கு 51 ஜிகாபைட்.

6. மூலக் கோப்பில் எதையும் திருத்தாதீர்கள். அதன் நகலில் நிறத்தைச் சரிசெய்து, குடும்பத்துக்கு அனுப்ப ஜேபெக் ஆக்குங்கள்.

7. மூன்று பிரதிகள் வையுங்கள். இரண்டு வகைச் சேமிப்பில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.

8. மூல ஸ்லைடை வீசாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடும் பெட்டியில், உயரமான தட்டில் வையுங்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரலாம்.

படத்தில் இருப்பவர் யார்?

வருடியால் சொல்ல முடியாத ஒன்று உண்டு: பெயர். அதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கருவியைவிட இந்த வேலையே முதலில் முடிக்க வேண்டியது.

படத்துக்குள்ளும் துப்புகள் உண்டு. சட்டத்தில் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முற்பட்டது. அந்த ஆண்டில்தான் துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெயர் மாறிய பின்னும் பழைய பெயரையே எழுதியவர்கள் உண்டு என்பதால் இதை ஒரு துப்பாக மட்டும் கொள்ளுங்கள். 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உள்ள கார் படத்தில் இருந்தால், அது கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான 1974-க்கு முன் எடுத்ததாக இராது.

இப்படிச் சேர்க்கப்படும் படங்கள் வீட்டு நினைவோடு நிற்பதில்லை. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் முடங்கிக் கிடந்த குடும்பப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு இலக்கவியல் வடிவத்துக்கு மாற்றியது. மூலம் சொந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது அத்திட்டத்தின் கொள்கை. இலங்கைத் தமிழர்களின் நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் சேர்த்து வருகிறார்கள். நம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம் 1957-லிருந்து இயங்குகிறது. உங்கள் டின்னில் ஊர் வரலாறு இருந்தால், குடும்பத்தாரின் ஒப்புதலோடு பள்ளி வரலாற்றுக் கழகத்தில் முதலில் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: இரண்டு கைப்பேசிகள், வெள்ளைத் தாள், ஒரு ஸ்லைடு.

ஒரு கைப்பேசியின் திரையை முழு வெள்ளையாக்குங்கள். ஸ்லைடைத் திரைமீது ஒட்டி வைத்து, மற்றக் கைப்பேசியால் கிட்டத்தில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். திரையின் புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். அடுத்து, ஸ்லைடைத் திரையிலிருந்து 3 சென்டிமீட்டர் உயர்த்தி, திரைமேல் வெள்ளைத் தாளை விரித்து மீண்டும் எடுங்கள். கட்டங்கள் மறைந்துவிடும். ஏன் என்று உங்கள் ஆசிரியரோடு கலந்துரையாடுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 2,400 டி.பி.ஐ.-யில் ஒரு ஸ்லைடை வருடினால் எத்தனை படப்புள்ளிகள்?
2. ஒளி அடர்த்தி 2 என்றால் எவ்வளவு ஒளி கடந்து வருகிறது?
3. மஞ்சள் சாயம் மட்டும் மங்கினால் படம் எந்த நிறத்தை நோக்கிச் சாயும்?
4. ஒரு படத்துக்கு 4 நிமிடம் என்றால் 150 ஸ்லைடுகளுக்கு எவ்வளவு நேரம்?

*விடைகள்:* 1) 3,402 × 2,268, சுமார் 77 லட்சம். 2) நூற்றில் ஒரு பங்கு. 3) நீலம், மஞ்சள் சாயம் உறிஞ்ச வேண்டிய நீல ஒளி தடையின்றி வருவதால். 4) 10 மணி நேரம்.